அமில மண்ணும் ஏழு பேர்ச்சஸும்: அப்புத்தளை மரக்கறித் துண்டுகளுக்கு டொலமைட் ஏன் தேவை?

மலையகத்தின் தென் விளிம்பில், கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,400 மீற்றர் உயரத்தில் இருக்கிறது அப்புத்தளை. ஒரு பக்கம் தேயிலை மலைகள். மறுபக்கம் நிலம் சட்டென்று இறங்கி, தெற்குச் சமவெளி வரை கண்ணுக்குத் தெரிகிறது. தோமஸ் லிப்டன் 1890இல் வாங்கிய டம்பேதென்ன தோட்டம் இங்கிருந்து சில கிலோமீற்றர் தூரத்தில்தான் உள்ளது. சுற்றுலாப் பயணிகள் தேயிலையைப் படம் பிடித்துக்கொண்டு போய்விடுகிறார்கள். லயங்களுக்குப் பின்னால் போஞ்சியும் கரட்டும் லீக்ஸும் கோவாவும் போட்டிருக்கும் சின்னத் துண்டுகளை அவர்கள் கவனிப்பதில்லை. தோட்டச் சம்பளம் போதாத வீடுகளில் அடுப்பு எரிவதற்கு அந்தத் துண்டுகளும் ஒரு காரணம்.

அந்தத் துண்டுகளைப் பற்றி எழுத நான் போயிருந்தபோது, போன இடமெல்லாம் ஒரே முறைப்பாட்டைக் கேட்டேன். பசளை போடுகிறோம், கோழி எருவும் போடுகிறோம், ஆனாலும் பயிர் ஏறவில்லை. இலை மஞ்சளாகிறது, கரட் கட்டையாக நிற்கிறது, போஞ்சி பூத்துக் கொட்டுகிறது என்றார்கள். விதையையும் மருந்தையும் மழையையும் குறை சொன்னார்கள். மண்ணின் அமிலத்தன்மையைச் சொன்னவர்கள் மிகச் சிலர். மலைநாட்டு மண்ணில் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான். செலவு குறைந்த தீர்வு இருக்கும் பிரச்சினையும் அதுதான். அதை ஒரு கைநூல்போல எளிமையாகச் சொல்ல இந்தக் கட்டுரையில் முயல்கிறேன்.

மண் எப்படி அமிலமாகிறது?

மண்ணின் அமிலத்தன்மையைப் பிஎச் என்ற அளவால் குறிக்கிறார்கள். 7 என்றால் நடுநிலை. அதற்குக் கீழே போகப் போக அமிலம், மேலே போகப் போகக் காரம். இந்த அளவு படிக்குப் படி பத்து மடங்காக மாறுகிறது. பிஎச் 5.5 உள்ள மண்ணைவிடப் பிஎச் 4.5 உள்ள மண் பத்து மடங்கு அமிலமானது. பிஎச் 3.5 என்றால் நூறு மடங்கு.

மலைநாட்டில் பெரும்பாலும் காணப்படுவது செம்மஞ்சள் பொட்சொலிக் மண். அதிக மழை பெய்யும் இடங்களில் கல்சியம், மக்னீசியம், பொற்றாசியம் ஆகியவற்றை நீர் கரைத்துக் கீழே கொண்டுபோய்விடுகிறது. அவை இருந்த இடத்தை ஐதரசனும் அலுமினியமும் பிடித்துக்கொள்கின்றன. ஆகவே இந்த மண் இயற்கையாகவே அமிலமானது.

அதன் மேல் மனிதன் செய்தது இரண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் காடழித்துக் கோப்பி நட்டார்கள். 1869இல் தலைகாட்டிய இலைத்துரு நோய் கோப்பியை அழித்த பிறகு தேயிலை நட்டார்கள். சரிவில் புல்லைக்கூட விடாமல் வழித்துத் துப்புரவாக்கியதால் கறுத்த மேல்மண் ஓடைகளில் போனது. இரண்டாவது காரணம் பசளை. அமோனியம் சல்பேற்றும் யூரியாவும் மண்ணில் நைத்திரேற்றாக மாறும்போது அமிலத்தை விடுகின்றன. 100 கிலோ அமோனியம் சல்பேற் உண்டாக்கும் அமிலத்தைச் சமப்படுத்த ஏறக்குறைய 110 கிலோ சுத்தமான சுண்ணாம்புக்கல் தூள் வேண்டும். 100 கிலோ யூரியாவுக்கு ஏறக்குறைய 80 கிலோ வேண்டும். யூரியாவைப் போட்டவர்கள் அந்தக் கடனை மண்ணுக்குத் திருப்பிக் கொடுத்தார்களா என்பதுதான் கேள்வி.

இங்கிலாந்தின் ரொதம்ஸ்ரெட் ஆராய்ச்சி நிலையத்தில் 1856இல் தொடங்கி இன்றும் நடக்கும் புல்வெளிப் பரிசோதனை ஒன்று உள்ளது. ஆண்டுதோறும் அமோனியம் சல்பேற் போட்டுச் சுண்ணாம்பு போடாமல் விட்ட பாத்திகள் அங்கே கடும் அமிலமாகி, நூற்றுக்கு மேற்பட்ட ஆண்டுகளில் ஓரிரு புல்வகை மட்டுமே தாக்குப்பிடிக்கும் நிலைக்கு வந்துவிட்டன.

பயிருக்கு என்ன நடக்கிறது?

அமிலம் நேரடியாகச் செய்யும் கேட்டைவிட, அது கரைத்துவிடும் அலுமினியம் செய்யும் கேடு பெரியது. பிஎச் 5.5க்குக் கீழே அலுமினியம் கரையத் தொடங்குகிறது; 5க்குக் கீழே வேகமாகக் கூடுகிறது. கரைந்த அலுமினியம் வேரின் நுனியைத் தாக்கும். வேர் நீளாமல் குட்டையாகி, தடித்து, பழுப்பாகிவிடும். அப்படிப்பட்ட வேரால் தண்ணீரையும் உறிஞ்ச முடியாது, போட்ட பசளையையும் எடுக்க முடியாது. நான்கு நாள் வெயில் அடித்தாலே செடி வாடிவிடும்.

அடுத்தது பொசுபரசு. அமில மண்ணில் இரும்பும் அலுமினியமும் அதைக் கட்டிப்பிடித்து, பயிருக்குக் கிடைக்காமல் செய்கின்றன. காசு கொடுத்து வாங்கிய பசளையில் ஒரு பகுதி இப்படி மண்ணிலேயே பூட்டப்பட்டுக் கிடக்கிறது.

மூன்றாவது, போஞ்சி போன்ற அவரையினப் பயிர்களின் வேரில் முடிச்சுகளை உண்டாக்கி, காற்றிலுள்ள நைதரசனைப் பிடித்துத் தரும் பக்ரீரியாக்கள் கடும் அமிலத்தில் வேலை செய்வதில்லை. கோவா குடும்பப் பயிர்களைத் தாக்கும் வேர்வீக்க நோயும் அமில மண்ணில்தான் அதிகம்.

பயிருக்குப் பயிர் தேவை வேறுபடும். தேயிலைக்குப் பிஎச் 4.5 முதல் 5.5 வரை பிடிக்கும். உருளைக்கிழங்கு 5 முதல் 6 வரை தாங்கும். கரட், கோவா, லீக்ஸ், பீட்ரூட், போஞ்சி எல்லாம் 6க்கு மேலே அல்லது அதை ஒட்டி இருந்தால்தான் நன்றாக வரும். பழைய தேயிலை மலையைத் துப்புரவாக்கி அப்படியே மரக்கறி போட்டால் சரிவராததற்கு இதுவே காரணம்.

முதலில் மண்ணைப் பரிசோதியுங்கள்

பன்னச் செடிகள் அடர்ந்து படர்வது, அடியிலைகளின் நரம்புகள் பச்சையாக இருக்க இடைப்பகுதி மஞ்சளாவது, பிடுங்கிப் பார்த்தால் வேர் குட்டையாக இருப்பது எல்லாம் அமிலத்தின் அறிகுறிகளாக இருக்கலாம். ஆனால் அறிகுறியை மட்டும் வைத்துச் சுண்ணாம்பு போடக்கூடாது. அடியிலை மஞ்சளாவதற்கு மக்னீசியம் குறைவும் காரணமாகலாம், தண்ணீர் தேங்குவதும் காரணமாகலாம்.

மண் மாதிரி எடுக்கும் முறை இலகுவானது. துண்டின் குறுக்கே வளைந்து வளைந்து நடந்து 10 முதல் 15 இடங்களில், மேலே கிடக்கும் சருகை விலக்கிவிட்டு, மண்வெட்டியால் 15 சென்ரிமீற்றர் ஆழத்துக்கு வெட்டி ஒரு சீவல் மண் எடுங்கள். எல்லாவற்றையும் சுத்தமான வாளியில் கலந்து அரைக் கிலோவைப் பிரித்து நிழலில் உலர்த்துங்கள். அண்மையில் பசளை போட்ட இடம், சாம்பல் கொட்டிய இடம், எருக்குவியல் இருந்த இடம் ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். சரிவின் மேல்பகுதிக்கும் அடிப்பகுதிக்கும் தனித்தனி மாதிரி எடுப்பது நல்லது.

விவசாயத் திணைக்களத்தின் பிராந்திய ஆராய்ச்சி நிலையம் பக்கத்திலேயே பண்டாரவளையில் உள்ளது. தேயிலைக்கு, தலவாக்கலையைத் தலைமையிடமாகக் கொண்ட தேயிலை ஆராய்ச்சி நிலையத்தின் ஊவாக் கிளை பசறையில் இருக்கிறது. எங்கே, எப்படி மாதிரியை ஒப்படைப்பது என்பதை உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடமோ கமநல சேவை நிலையத்திலோ கேட்டறியலாம்.

டொலமைட்: எவ்வளவு, எப்போது, எப்படி?

டொலமைட் என்பது கல்சியமும் மக்னீசியமும் சேர்ந்த காபனேற்றுக் கல். இலங்கையின் மத்திய மலைப் பகுதியில் அது கிடைக்கிறது. இறக்குமதி செய்ய வேண்டியதில்லை. அமிலத்தைக் குறைப்பதோடு, மழையில் கழுவுண்டுபோன மக்னீசியத்தையும் திருப்பித் தருவதால் மலைநாட்டு மண்ணுக்கு வெறும் சுண்ணாம்பைவிட அது பொருத்தமானது.

அளவை மண் பரிசோதனைதான் தீர்மானிக்க வேண்டும். ஒரே பிஎச் காட்டும் இரண்டு மண்ணில், களியும் சேதனப் பொருளும் அதிகமுள்ள மண்ணுக்குக் கூடுதலாக வேண்டும். பொதுவாக மரக்கறி நிலங்களுக்கு ஹெக்ரேயருக்கு 1 முதல் 2 தொன் வரை பேசப்படும். ஆனால் லயத்துக்குப் பின்னால் உள்ளவர்களுக்கு ஹெக்ரேயர்க் கணக்கு உதவாது. ஆகவே மாற்றித் தருகிறேன்:

ஹெக்ரேயருக்கு 1 தொன் என்றால், சதுர மீற்றருக்கு 100 கிராம். ஒரு பேர்ச்சஸுக்கு ஏறக்குறைய 2.5 கிலோ, ஏழு பேர்ச்சஸுக்கு 18 கிலோ, ஒரு ஏக்கருக்கு 400 கிலோ.

ஹெக்ரேயருக்கு 2 தொன் என்றால், சதுர மீற்றருக்கு 200 கிராம். ஒரு பேர்ச்சஸுக்கு 5 கிலோ. ஏழு பேர்ச்சஸுக்கு 35 கிலோ. ஒரு ஏக்கருக்கு 800 கிலோ.

அதாவது ஏழு பேர்ச்சஸ் முழுவதும் மரக்கறி போட்டாலும் ஒரு 50 கிலோ மூட்டை போதும்.

நடுவதற்கு இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கு முன்பு, மண்ணில் ஈரம் இருக்கும்போது சமமாகத் தூவி, 15 சென்ரிமீற்றர் ஆழம் வரை கொத்திக் கலந்துவிட வேண்டும். டொலமைட் மண்ணில் தானாகக் கீழே இறங்குவது மிகவும் மெதுவாகவே நடக்கும். மேலே தூவி விட்டால் மேல்மண் மட்டும் சரியாகும்; சரிவில் பெருமழை வந்தால் அதுவும் ஓடிப்போகும். ஊவாவில் ஆடி, ஆவணியில் காய்ந்த காற்று அடித்து, ஐப்பசியில் மழை பிடிக்கும். பெரும்போகத்துக்கு நடுபவர்கள், அந்தப் பெருமழைக்கு முன்னர் கிடைக்கும் முதல் ஈரத்தில் இந்த வேலையை முடித்துவிடுவது நல்லது.

கவனிக்க வேண்டியவை சில:

யூரியா, அமோனியம் சல்பேற், பச்சைக் கோழி எரு ஆகியவற்றோடு டொலமைட்டைச் சேர்த்துப் போடாதீர்கள். நைதரசன் அமோனியா வாயுவாகப் பறந்துவிடும். இரண்டுக்கும் இடையே குறைந்தது இரண்டு வாரமாவது விடுங்கள்.

தூள் மாவுபோல நைசாக இருக்க வேண்டும். குறுணிக்கல்லாக இருந்தால் பல வருடம் மண்ணில் சும்மா கிடக்கும். எடை கூடும், பலன் வராது.

தூவும்போது வாயையும் மூக்கையும் துணியால் கட்டிக்கொள்ளுங்கள். வெற்றிலைக்குப் போடும் சுட்ட சுண்ணாம்பு வேறு. அது மிகவும் வீரியமானது, கண்ணையும் தோலையும் புண்ணாக்கும். அதை இதே அளவில் போடக்கூடாது.

கூடினாலும் கெடுதல்தான். அளவுக்கு மிஞ்சினால் நாகம், மங்கனீசு, போரன் போன்ற நுண்சத்துகள் பயிருக்குக் கிடைக்காமல் போகும். உருளைக்கிழங்கில் சொறிநோய் கூடும். ஒரு முறை போட்டால் இரண்டு மூன்று வருடம் பலன் இருக்கும். மறுபடி பரிசோதிக்காமல் போகத்துக்குப் போகம் போட வேண்டாம்.

சாம்பலும் கூட்டெருவும் பச்சிலையும்

விறகடுப்பு எரியும் வீடுகளில் சாம்பல் காசில்லாமல் கிடைக்கிறது. அதில் கல்சியமும் பொற்றாசியமும் உண்டு. டொலமைட்டின் பாதி வலிமையோ அதற்கும் குறைவோதான் இருக்கும், ஆனால் வேகமாக வேலை செய்யும். பிளாஸ்ரிக்கும் பெயின்ற் பூசிய பலகையும் எரித்த சாம்பல் வேண்டாம். ஒரே மூலையில் கொட்டாமல் மெல்லியதாகப் பரப்புங்கள்.

கூட்டெரு பிஎச்சைப் பெரிதாக உயர்த்தாது. ஆனால் அதிலுள்ள மக்கிய பொருள் கரைந்த அலுமினியத்தைப் பிடித்துக் கட்டி, வேருக்கு நஞ்சாகாமல் செய்கிறது. பொசுபரசு பூட்டப்படுவதையும் குறைக்கிறது. டொலமைட்டையும் கூட்டெருவையும் ஒன்றுக்குப் பதிலாக மற்றொன்று என்று நினைக்காமல் சேர்த்துப் பாவிக்கச் சொல்வது இதனால்தான்.

மலைநாட்டு வீதியோரமெங்கும் மஞ்சள் பூப் பூத்து நிற்கும் காட்டுச் சூரியகாந்தியைக் களை என்று வெட்டி எறிகிறோம். அதன் இலையும் இளந்தண்டும் விரைவாக உக்கும். நைதரசனும் பொற்றாசியமும் நிறைய உண்டு. பூப்பதற்கு முன் வெட்டி, துண்டாக்கி மண்ணில் புதைக்கலாம். கிளிரிசிடியா இலையும் அப்படியே. தேயிலையை மறுபடி நடுவதற்கு முன் குவாத்தமாலா புல்லையும் மானாப் புல்லையும் வளர்த்து மண்ணை ஆற்றும் வழக்கம் பெருந்தோட்டங்களில் நீண்ட காலமாக இருக்கிறது. அதே புல்லை மரக்கறித் துண்டின் கீழ் ஓரத்தில் வரிசையாக நட்டால், மண்ணையும் பிடிக்கும், வெட்டிப் பரப்பவும் உதவும். உமிக்கரி கிடைத்தால் அதையும் கூட்டெருவில் கலந்து போடலாம்.

பொசுபரசுக்கு எப்பாவல பாறைப் பொஸ்பேற் உண்டு. அநுராதபுர மாவட்டத்தில் 1971இல் கண்டறியப்பட்ட இந்தக் கல் தண்ணீரில் இலகுவில் கரையாது. அமில மண்ணில்தான் மெல்ல மெல்லக் கரையும். எனவே அது தேயிலை போன்ற நீண்டகாலப் பயிருக்குப் பொருந்தும், மூன்று மாத மரக்கறிக்கு அவ்வளவாகப் பொருந்தாது. டொலமைட்டையும் அதையும் ஒரே நேரத்தில் போட்டால் பொஸ்பேற் கரைவது இன்னும் தாமதமாகும்.

தேயிலைக்கு வேறு கணக்கு

தேயிலை அமிலத்தை விரும்பும் பயிர். அலுமினியத்தை இலையில் சேர்த்துவைத்து வாழக் கூடியது. மரக்கறிக்குப் போடும் அளவைத் தேயிலைக்குப் போட்டால் செடி கெடும். ஆனால் பிஎச் 4.5க்குக் கீழே போனால் தேயிலைக்கும் டொலமைட் வேண்டும். கவ்வாத்து வெட்டும் காலத்தை ஒட்டி, மண் பரிசோதனைப்படி அதைப் போடுவதுதான் வழக்கம். சிறுதோட்டம் வைத்திருப்பவர்கள் கவ்வாத்துக் குச்சிகளை விறகுக்கு எடுத்துவிடாமல் மலையிலேயே விட்டால், செடி எடுத்த சத்தில் ஒரு பங்கு மண்ணுக்குத் திரும்பும்.

2021 கற்றுத் தந்தது

2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதியை அரசாங்கம் வர்த்தமானி மூலம் தடைசெய்தது. நவம்பரில் அந்த முடிவைப் பின்வாங்கியது. அதற்குள் தேயிலையும் நெல்லும் மரக்கறியும் அடிவாங்கின. அடுத்த வருடம் ரூபாவின் பெறுமதி விழுந்தபோது, கடையில் பசளை இருந்தும் வாங்க முடியாத நிலை வந்தது.

அந்த நேரத்து வாக்குவாதம் முழுவதும் இரசாயனமா சேதனமா என்பதாகவே இருந்தது. மண் எந்த நிலையில் இருக்கிறது என்று கேட்டவர்கள் குறைவு. பிஎச் 4.5 உள்ள மரக்கறி மண்ணில் யூரியாவும் வீணாகும், கூட்டெருவும் தன் முழுப் பலனைத் தராது. அமிலத்தைச் சரிசெய்தால் இரண்டும் குறைந்த அளவிலேயே கூடுதலாக உதவும். பிரேசிலின் செராடோ சமவெளி ஒரு காலத்தில் அமிலம் மிகுந்த தரிசு என்று கைவிடப்பட்ட நிலம். 1970களிலிருந்து அங்கே பெருமளவில் சுண்ணாம்புத் தூளும் பொசுபரசும் போட்டு, இன்று உலகின் பெரிய உணவுக் களஞ்சியங்களில் ஒன்றாக மாற்றியிருக்கிறார்கள். காட்டை அழித்ததற்கான விலை அங்கேயும் உண்டு. ஆனால் மண்ணைப் பற்றிய பாடம் பாடந்தான்.

வடக்குக் கிழக்கு வாசகர்களுக்கு

இதை வாசிப்பவர்களில் பலர் வன்னியில் மீள்குடியேறியவர்கள் என்பது எனக்குத் தெரியும். 1977இலும் 1983இலும் மலையகத்திலிருந்து அடித்து விரட்டப்பட்டு வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் குடியேறி, பிறகு போரில் மறுபடியும் எல்லாவற்றையும் இழந்த குடும்பங்களும் உங்களில் இருக்கின்றன. மலையகத்து உறவினர் டொலமைட் போட்டு நல்ல விளைச்சல் எடுத்தார் என்று கேட்டு, நீங்களும் போட்டுவிடாதீர்கள்.

யாழ்ப்பாணத்துச் செம்மண் சுண்ணாம்புக்கல்லின் மேல் கிடக்கும் மண். அதில் சுண்ணாம்புக்குக் குறைவில்லை. மேலும் போட்டால் இரும்பும் நாகமும் பயிருக்குக் கிடைக்காமல் போகும். வன்னியின் செங்கபில நிற மண்ணும் பெரும்பாலும் நடுநிலையை ஒட்டியது. அங்கே முதல் தேவை சேதனப் பொருள்தான். கரையோர மணல் நிலங்கள் இடத்துக்கு இடம் மாறும். எந்த இடமானாலும் பரிசோதித்த பிறகே முடிவெடுங்கள்.

காணி யாருடையது?

அப்புத்தளையில் நான் பேசிய ஓர் அக்கா, போஞ்சிக் கொடிக்குக் கம்பு ஊன்றியபடியே என்னிடம் ஒரு கணக்குச் சொன்னார். மூட்டை வாங்கிச் சுமந்து, கொத்திக் கலந்து, அதன் பலனை மூன்று வருடம் எடுக்க வேண்டும். அடுத்த வருடம் இந்தத் துண்டு தன்னிடம் இருக்குமா என்பது தோட்ட நிர்வாகத்தின் கையில் இருக்கிறது. யூரியா என்றால் இந்தப் போகத்திலேயே தெரிந்துவிடும். டொலமைட் மலையகத்தில் ஏன் பரவவில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கத்தை எந்த அறிக்கையிலும் நான் படித்ததில்லை.

1972இலும் 1975இலும் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் நிர்வாகம் தனியார் கம்பனிகளிடம் போனது. இரண்டு தடவையும் அந்த மண்ணில் தலைமுறை தலைமுறையாக உழைத்தவர்களுக்குக் காணி கிடைக்கவில்லை. ஏழு பேர்ச்சஸ் காணி என்பது இன்னும் பெரும்பாலானோருக்கு வாக்குறுதிதான். உறுதிப்பத்திரம் இல்லாத காணியில் மண்ணைக் காப்பாற்றும் வேலை நடக்காது. கல் அடுக்கவோ, கான் வெட்டவோ, புல் வரிசை நடவோ, டொலமைட் போடவோ நாளையும் அந்தக் காணி தனக்குத்தான் என்ற நம்பிக்கை வேண்டும்.

இன்னொன்றையும் மறைக்கக்கூடாது. 2014 ஒக்ரோபர் 29ஆம் திகதி, அப்புத்தளைக்குக் கீழே கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. மண்ணைப் பண்படுத்தினால் மேல்மண் அரிப்புக் குறையும். மலை சரிவதை அது தடுக்காது. அபாயம் என்று அறிவிக்கப்பட்ட சரிவில் இருக்கும் மக்களுக்கு வேண்டியது பாதுகாப்பான இடத்தில் வீடும் காணியும்தான். டொலமைட் மூட்டை அதற்கு மாற்றாகாது.

அந்தக் காணியைக் கேட்பதை நாம் நிறுத்தக்கூடாது. அதுவரை, கையில் இருக்கும் துண்டில் செய்யக்கூடியது இருக்கிறது. நாலைந்து வீடுகள் சேர்ந்து ஒரு மாதிரியைப் பரிசோதனைக்குக் கொடுக்கலாம். முடிவு வந்ததும் ஒரு மூட்டையை வாங்கிப் பங்கிட்டு, முதலில் இரண்டு பாத்தியில் மட்டும் போட்டு, பக்கத்துப் பாத்தியைப் போடாமல் விட்டுப் பாருங்கள். அறுவடையன்று இரண்டையும் தனித்தனியே நிறுத்துப் பார்த்தால், அடுத்த மூட்டை வாங்கலாமா என்பதை நீங்களே முடிவுசெய்யலாம்.